நூற்று முப்பத்தொன்பது டெசிபல்

வண்டி எண்ணூறு சிசி. கால் டன் எடை.
வெயிலில் நிறுத்தினால் ஸ்டாண்டு
தார்ச்சாலையில் பள்ளம் போடும்.
ஹாரனை அழுத்தினால் மட்டும்
பால்குடி மறக்காத பூனைக்குட்டி.

விற்றவனிடம் கேட்டேன்.
"அதையா? அதை இங்கே யார் அடிக்கிறார்கள்?"
உண்மைதான்.
மதுரையில் ஹாரன் மூச்சு மாதிரி.
வர்றேன், போ, ஒதுங்கு, சாப்பிட்டாச்சா
எல்லாமே அதில் அடக்கம்.
டேன்டினாங்கில் அது வசவு.
வருஷத்துக்கு ஒரு தரம் அடித்தாலும்
அம்மாவைச் சொன்னதுபோல் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை.
இரவு ஷிப்டு முடித்து
பிரின்ஸஸ் ஹைவேயில் வலது தடத்தில் வருகிறேன்.
வெள்ளை யூட் ஒன்று, மேலே ஏணி கட்டியது,
என் பக்கம் சாய்ந்தது
அவசரமே இல்லாமல்,
தூக்கத்தில் புரண்டு படுப்பவன்போல.
அழுத்தினேன்.
"மீ" என்றது.
கண்ணாடிக்குள் அவன் சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தான்.
தாடையில் வழிந்த தக்காளி சாஸ்கூடத் தெரிந்தது,
அவ்வளவு கிட்டத்தில்.
நடுத்திட்டுக்கும் அவன் டயருக்கும் நடுவே
ஒரு பிரேக்கும் ஒரு கெட்ட வார்த்தையும்
என்னைக் காப்பாற்றின.
கெட்ட வார்த்தை தமிழ்.
ஹெல்மெட்டை விட்டு வெளியே போகவில்லை.

"வண்டிய வித்துரு" என்றான் செழியன்.
"ஹாரன மாத்தறேன்" என்றேன்.
அரை மணி நேரம் பேச்சில்லை.
அப்புறம் டார்ச் பிடிக்க வந்தான்.

கடையில் டுவான் சொல்லியிருந்தான்:
பழைய ஒயரில் நேராக மாட்டாதே, கருகிவிடும்.
அது மூன்று ஆம்பியர் ஆள், இது இருபது குடிக்கும்.
நடுவில் ரிலே போடு.
முப்பதாம் எண்ணில் பேட்டரி,
எண்பத்தேழில் புது ஹாரன்,
மிச்ச இரண்டு காலில் பழைய ஹாரனின் ஒயர்கள்.
அதாவது அந்த நோஞ்சான் மின்சாரம்
இனிமேல் கத்த வேண்டாம்,
கதவைத் தட்டினால் போதும்;
உள்ளேயிருந்து தடியன் எழுந்து வருவான்.
எனக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று.
செழியனிடம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.
முழுக்கக் கேட்டுவிட்டு
"ஃப்யூஸ் எங்க?" என்றான்.

ஃப்யூஸ் வாங்க மறந்திருந்தேன்.

மறுநாள் பிராக்கெட் டேங்கில் இடித்தது.
மூன்று தரம் அவிழ்த்தோம்.
பத்து மில்லிமீட்டர் நட்டு ஒன்று உருண்டு போனது.
இன்றுவரை எங்கே என்று தெரியாது.

ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. அழுத்தினேன்.
கராஜ் கதவின் தகடு முழுக்க நடுங்கியது.
தெருமுனை யூகலிப்டஸிலிருந்து
வெள்ளைக் காக்கட்டூக்கள் அத்தனையும்
உதறிய போர்வைபோல் கிளம்பின.
எதிர்வீட்டு க்ளெனிஸ் தண்ணீர்க் குழாயும் கையுமாக வந்து
"ரயில் எங்கே, டார்லிங்?" என்றாள்.
இன்னொரு தரம் அடிக்கச் சொன்னாள்.

ஏழு மாதம் ஆகிறது.
சாலையில் ஒரு முறையும் அடிக்கவில்லை.
கட்டைவிரல் மட்டும்
எல்லாச் சந்திப்பிலும் அதன் மேலேயே இருக்கிறது.
ஹாலம் ரவுண்டானாவில் ஒரு தடவை,
நீலக் கார், என் வழியில் நேராக நுழைந்தது.
ஓட்டியவர் கைகள் ஸ்டியரிங்கில் நடுங்கின.
வார்டில் தினமும் பார்க்கும் நடுக்கம்.
அந்த நெஞ்சுக்கு இத்தனை டெசிபலா?
பிரேக் பிடித்தேன். போனார்.
என்னைப் பார்க்கவேயில்லை.

வெள்ளை யூட் எதிர்ப்பட்டால்
ஓட்டுபவன் தாடையைப் பார்க்கிறேன்.
இந்த ஊரில் யூட்டெல்லாம் வெள்ளை,
யூட்டிலெல்லாம் ஏணி.

பழைய ஹாரன் சமையலறை இழுப்பறையில்,
மெழுகுவர்த்திக்கும் செத்த பேட்டரிகளுக்கும் இடையில்.
தூக்கிப் போடலாமே என்கிறான் செழியன்.
அன்றைக்கு ஹைவேயில் அது கத்தத்தான் செய்தது.
கேட்டது நான் ஒருத்தி.
இருக்கட்டும் என்றேன்,
ரப்பர் பேண்டுகளைத் தள்ளி
கொஞ்சம் இடம் பண்ணி.